விற்றவர் தப்பிய வழி

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், இயந்திரங்களுக்குக் காப்பு அமைக்கும் கடமையை 21ஆம் பிரிவில் ஆலை நடத்துபவர்மீது வைத்தது. விற்றவரைத் தொட்டது 26ஆம் பிரிவு. சுழல்தண்டில் துருத்தி நிற்கும் திருகுகளோடும் மூடாத பற்சக்கரங்களோடும் புது இயந்திரத்தைத் தொழிற்சாலைக்கு விற்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றிருந்தது. அபராதம் அரசுக்குச் சேர்ந்தது. கை இழந்தவருக்கு அதில் இப்பிரிவு பங்கு தரவில்லை.

இப்பிரிவுக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த 17ஆம் பிரிவு. அது குற்றத்தை மட்டுமே வரையறுக்கிறது, விற்றவரிடம் இழப்பீடு கோரும் உரிமையைத் தரவில்லை என்று 1950களின் தொடக்கத்தில் 'பிடில் எதிர் ட்ரூவாக்ஸ்' வழக்கில் அந்நாட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

போபாலுக்குப் பின் வந்த 1987ஆம் ஆண்டுத் திருத்தம் 7பி பிரிவைச் சேர்த்து, வடிவமைப்பவர் முதல் இறக்குமதியாளர் வரை அனைவரையும் கடமைக்குள் கொணர்ந்தது. ஆனால், பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாமே செய்துகொள்வதாக வாங்குபவர் எழுதிக் கொடுத்தால் விற்பவர் அந்த அளவுக்கு விடுபட முடிந்தது. கடனுக்கு இயந்திரம் வாங்கும் சிறு முதலாளியிடம் அக்கையெழுத்தைப் பெறுவது அரிதாக இருக்கவில்லை. அதே திருத்தம் பொது அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. 26ஆம் பிரிவின் 500 ரூபாயைத் தொடவில்லை.

இவையும் 'தொழிற்சாலை'க்கே பொருந்தின. மின்விசையோடு பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டியிருந்தது. சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம் போன்ற ஊரில் ஏழெட்டுப் பேர் உழைக்கும் வெல்லக் கொட்டகைக்குக் கரும்பு பிழியும் இயந்திரத்தை விற்றவர், அரசு தனியே அறிவித்தாலன்றி, இச்சட்டத்துக்கு வெளியே நின்றார். கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்த உழவுத் தொழிலாளருக்காக 1983இல் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோதுதான், தயாரிப்பாளரும் வணிகரும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி வயல்வரை சென்றது.