சிலைகள் இடம் மாறும் நகரம்

புடாபெஸ்டுக்குப் போகிற பயணிகள் எழுதுகிற குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். டன்யூப் ஆறு, பாலங்கள், வெந்நீர்க் குளியல் மண்டபங்கள், 1896இல் ஓடத் தொடங்கிய நிலக்கீழ் ரயில். ஒரு கரையில் மேட்டு நிலமான பூடா, மறுகரையில் சமதரையான பெஸ்ட். 1873இல்தான் இரண்டும் ஓபூடாவோடு சேர்ந்து ஒரே நகரமாயின. எல்லாம் வடிவான விஷயங்கள்தான். ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த நகரத்தில் கண் போவது சிலைகளின் பக்கம். எந்தச் சிலை எங்கே நிற்குது, எது காணாமல் போயிருக்குது எண்டு பார்த்தாலே அங்கத்தைய அரசியலில் பாதி விளங்கிவிடும்.

1956 ஒக்டோபர் 23ஐ எடுத்துப் பாருங்கோ. தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் முதல்நாள் இரவு 16 கோரிக்கைகளை எழுதியிருந்தார்கள். சோவியத் படை வெளியேற வேண்டும் என்பதோடு ஸ்டாலின் சிலையை அகற்ற வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அடுத்தநாள் பெஸ்டில் கவிஞர் பெட்டோஃபியின் சிலையடியில் கூடினார்கள். பாலம் கடந்து பூடாவில் பெம் சிலைக்குப் போனார்கள். பெம் 1848-49 போரில் ஹங்கேரியர்களுக்காகச் சண்டை பிடித்த போலந்துத் தளபதி. அந்த மாதம் போலந்திலும் மாற்றம் நடந்துகொண்டிருந்ததால் அவருடைய சிலையைத் தேடிப் போனதில் அர்த்தம் இருந்தது. இரவு சனம் ஸ்டாலின் சிலையைச் சாய்த்தது. ஒரு தேவாலயத்தை இடித்த இடத்தில் 1951இல் வைத்த 8 மீற்றர் வெண்கலச் சிலை அது. சப்பாத்துகள் மட்டும் பீடத்தில் மிஞ்சின. ஒரே நாளில் மூன்று சிலைகள்!

நவம்பர் 4 அதிகாலை சோவியத் டாங்கிகள் நகரத்துக்குள் புகுந்தன. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள், 2 இலட்சம் பேரளவில் நாட்டை விட்டு ஓடினார்கள். புரட்சியின் பிரதமர் இம்ரே நாஜ் 1958 ஜூன் 16இல் தூக்கிலிடப்பட்டார். சரியாக 31 வருடம் கழித்து, 1989இல் அதே திகதியில், வீரர்கள் சதுக்கத்தில் அவருக்கு ஊர் அறிய மரியாதை நடந்தது. ஆறு சவப்பெட்டிகள் வைக்கப்பட்டன. அதில் ஒன்று வெறும் பெட்டி, பெயர் தெரியாமல் செத்த எல்லாருக்குமாக. அண்டைக்கு மேடையேறி சோவியத் படை போக வேண்டும் எண்டு வெளிப்படையாகப் பேசிய 26 வயதுப் பொடியன்தான் விக்டர் ஓர்பான்.

நாஜுக்கு 1996இல் பாராளுமன்றத்துக்குக் கிட்ட ஒரு சிலை வைத்தார்கள். சின்னப் பாலம் ஒன்றின் நடுவில் நின்று பாராளுமன்றத்தைப் பார்க்கிற மாதிரியான சிலை. 2018 டிசம்பர் 28 அதிகாலை, இருட்டோடு இருட்டாக அதைத் தூக்கிவிட்டார்கள். அப்போதைய பிரதமர் அதே ஓர்பான். பிறகு ஆற்றோரமாக வேறொரு சதுக்கத்தில் வைத்தது உண்மைதான். பழைய இடத்தில் 1919 கம்யூனிச ஆட்சியில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னம் எழுந்தது. 1934இல், ஹோர்த்தி காலத்தில் அங்கே நின்றதை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பாராளுமன்றச் சதுக்கத்தையும் 1944க்கு முந்தைய தோற்றத்துக்குக் கொண்டுவருவதுதான் திட்டம்.

ஏன் 1944? விடை 2011இல் நிறைவேறிய அரசியலமைப்பின் முகவுரையில் இருக்கு. 1944 மார்ச் 19இல், அதாவது ஜெர்மன் படை நுழைந்த நாளில், நாடு சுயநிர்ணயத்தை இழந்தது என்றும் 1990 மே 2இல்தான் அது திரும்பி வந்தது என்றும் அது சொல்லுது. வாசிக்க நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் அந்த 46 வருடத்தின் முதல் மாதங்களில் என்ன நடந்தது? மே 15இலிருந்து ஜூலை 9க்குள் ஏறத்தாழ 4,37,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலானோர் அவுஷ்விட்ஸுக்கு. ஐக்மானோடு வந்த ஜெர்மன்காரர் கொஞ்சப் பேர். வீடு வீடாகப் போய் ஆக்களைச் சேர்த்து வண்டியில் அடைத்தது ஹங்கேரியின் சொந்தப் பொலிஸ்தான். ஜெர்மன்காரர் வர முந்தியே யூதருக்கு எதிரான சட்டங்கள் அங்கே இருந்தன. முதலாவது 1920இலேயே வந்தது, பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் தொகையைக் கட்டுப்படுத்த. தரப்படுத்தல் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்த இடத்தைச் சும்மா கடந்து போக முடியவில்லை. சுயநிர்ணயம் இல்லாத காலம் எண்டு ஒரு கோடு போட்டால், இந்தக் கணக்கு முழுவதும் வேறொருவன் தலையில் போய்விடும்.

அந்தக் கோட்டைக் கல்லில் பார்க்க விரும்பினால் சுதந்திரச் சதுக்கத்துக்குப் போகலாம். வேடிக்கையான இடம் அது. ஒரு முனையில் சோவியத் படையின் நினைவுத்தூண், ரஷ்யாவோடு செய்த உடன்படிக்கையால் இன்னும் நிற்குது. அதை நோக்கி நடந்து வாற மாதிரி ரொனால்ட் ரீகனின் சிலை. மறுமுனையில் 2014 ஜூலையில் இரவோடு இரவாக வைத்த ஜெர்மன் ஆக்கிரமிப்பு நினைவுச்சின்னம். தேவதூதர் கபிரியேல் ஹங்கேரி, மேலே பாய்கிற கழுகு ஜெர்மனி. முழு நாடும் ஒரு பாவமறியாத தேவதூதர்! அதிகாரபூர்வத் திறப்பு விழாகூட அதற்கு நடக்கவில்லை.

சனம் அதை உடைக்கவில்லை. வேலை தொடங்கின காலத்திலிருந்தே அதுக்கு முன்னால் தங்கட சாமான்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். குடும்பப் படங்கள், கூழாங்கற்கள், பழைய சப்பாத்துகள், பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதங்கள். அதற்கு ‘உயிருள்ள நினைவுச்சின்னம்’ எண்டு பெயர். பக்கத்தில் கதிரைகள் போட்டு வட்டமாயிருந்து 1944 பற்றிக் கதைத்தார்கள். எங்களைக் கேட்டால் புடாபெஸ்டின் மிகச் சிறந்த வரலாற்று வகுப்பு அந்தக் கதிரைகளில்தான் நடந்தது.

தெருவில் எதைக் காட்டலாம் என்ற சண்டை சிலைகளோடு நிற்கவில்லை. 2025 மார்ச்சில் வந்த சட்டம் பிரைட் ஊர்வலத்தைத் தடைசெய்ய வழிசெய்தது. கலந்துகொள்கிறவர்களைக் கமராவில் முகத்தை வைத்து அடையாளம் காணவும் அனுமதித்தது. மேயர் கராச்சோனி அதை மாநகரசபையின் நிகழ்ச்சி எண்டு அறிவித்தார். பொலிஸ் தடை போட்டது. ஜூன் 28 அன்று ஒரு இலட்சத்துக்கும் மேலான சனம் மாநகரசபைப் பக்கமிருந்து எலிசபெத் பாலத்தால் பூடாவுக்கு நடந்து போனது, வெயிலுக்குள்ள, முகத்தை மூடாமல்.