ஒய் இருந்தால் ஆணா? விலங்குகளின் பால் நிர்ணயம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருந்தால் பெண், ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும் இருந்தால் ஆண் என்று பள்ளியில் படிக்கிறோம். மனிதருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் விலங்குலகம் முழுவதற்கும் இதுவே விதி என்று எண்ணுவது தவறு. பாலை முடிவு செய்வது குரோமோசோமின் வடிவமோ அதற்கு நாம் இட்ட பெயரோ அல்ல. அதில் உள்ள ஒரு மரபணு இடும் முதல் கட்டளை. அந்த முதல் கட்டளை பரிணாமத்தில் பலமுறை கைமாறியிருக்கிறது. அதை ஏற்று நடக்கும் கீழ்நிலை மரபணுக்களோ அவ்வளவாக மாறவில்லை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. தொடக்கச் சான்று

உணவும் சூழலுமே கருவின் பாலை முடிவு செய்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினர். 1905இல் அமெரிக்க ஆய்வாளர் நெட்டி ஸ்டீவன்ஸ் மாவுப்புழு வண்டின் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெண் வண்டில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியவையும் ஒரு சிறியதும். விந்தணுக்களில் பாதி அந்தச் சிறியதைச் சுமந்தன, மீதி சுமக்கவில்லை. பால் கருவுறும் கணத்திலேயே முடிவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அதுவரை இல்லை. அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் வேறு பூச்சிகளில் இதையொத்த முடிவுக்கு வந்தார். பாடநூல்கள் ஸ்டீவன்ஸுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்பதே என் கருத்து.

3. ஈயும் மனிதரும்: ஒரே எழுத்து, வேறு விதி

பழ ஈக்கும் எக்ஸ், ஒய் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் மனித முறையும் ஈயின் முறையும் ஒன்றே. குரோமோசோம் பகிர்வில் பிழை நேர்ந்த உயிர்களைப் பார்க்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. 1916இல் கால்வின் பிரிட்ஜஸ் விவரித்த ஈக்களில், இரண்டு எக்ஸோடு ஒரு ஒய்யும் கொண்டவை பெண்களாகவே இருந்தன. ஒரே எக்ஸ் மட்டும் கொண்டு, ஒய்யே இல்லாதவை ஆண்கள். ஆனால் அவற்றுக்குச் சந்ததி இல்லை. ஈயின் ஒய் விந்தணு உருவாக்கத்துக்குத் தேவை, ஆணாவதற்குத் தேவையில்லை.

மனிதரில் நிலைமை நேர்மாறு. 1959இல் எடின்பரோவில் பட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும், இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்ட ஒருவர் ஆண் என்று காட்டினர். ஒற்றை எக்ஸ் மட்டும் உடையவர் பெண் என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. ஒரே குரோமோசோம் தொகுதி ஈயில் பெண்ணையும் மனிதரில் ஆணையும் தருகிறதென்றால், விடை அந்த எழுத்துகளில் இல்லை என்றே பொருள்.

மனிதரின் விடை 1990இல் கிடைத்தது: ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு. அடுத்த ஆண்டே இரண்டு எக்ஸ் கொண்ட சுண்டெலிக் கருவில் அந்த மரபணுத் துண்டை மட்டும் செலுத்தினார்கள். விந்தகத்தோடு ஆண் சுண்டெலி பிறந்தது. அதற்கு விந்தணு மட்டும் உருவாகவில்லை. எஸ்ஆர்ஒய் செய்வது, சாக்ஸ்9 என்ற வேறொரு மரபணுவைத் தூண்டுவதே. விந்தகத்தைக் கட்டும் வேலையை முன்னின்று நடத்துவது சாக்ஸ்9தான்.

ஈக்கு எஸ்ஆர்ஒய் கிடையாது. எக்ஸ் எண்ணிக்கைக்கும் பிற குரோமோசோம்களுக்கும் உள்ள விகிதமே ஈயின் பாலை முடிவு செய்கிறது என்றார் பிரிட்ஜஸ். அது பல பத்தாண்டுகள் நிலைத்தது. உண்மையில் எக்ஸின் அளவே நேரடிக் குறிப்பு என்று 2007இல் வெளியான ஆய்வு திருத்தியது. அந்தக் குறிப்பு பல படிகள் கடந்து, இறுதியில் டபுள்செக்ஸ் என்ற மரபணுவை எட்டுகிறது.

4. தாய்வழித் தீர்ப்பு

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆகவே குஞ்சின் பால் முட்டையைப் பொறுத்தது, விந்தணுவைப் பொறுத்ததன்று. கோழியின் இசட்டில் உள்ள டிஎம்ஆர்டி1 மரபணு இரட்டைப் பங்கில் இருந்தால் விந்தகம் உருவாகிறது. 2009இல் ஆண் கோழிக் கருவில் அதன் செயலைக் குறைத்தபோது, விந்தகம் சூலகத்தின் சாயலைப் பெற்றது. இந்த மரபணு ஈயின் டபுள்செக்ஸுக்கு உறவு. முதுகெலும்பு இல்லாத பூச்சியும் கோழியும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. ஆயினும் கீழ்நிலையில் ஒரே குடும்பத்து மரபணு பணி செய்கிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

பட்டுப்புழுவும் இசட்-டபிள்யூ முறையே. ஆனால் கட்டளை எதிர்த்திசையில் இருந்து வருகிறது: டபிள்யூ இருந்தாலே பெண். அதை நிகழ்த்துவது புரதம் அல்ல, டபிள்யூவில் பிறக்கும் ஒரு சிறு ஆர்என்ஏ என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

5. தந்தையற்ற ஆண்

தேனீக்குப் பால் குரோமோசோமே இல்லை. கருவுற்ற முட்டைக்கு 32 குரோமோசோம்கள், அது பெண். கருவுறாததற்கு 16, அது ஆண். ஆயினும் எண்ணிக்கை வெளித்தோற்றமே. 2003இல் கண்டறியப்பட்ட சிஎஸ்டி மரபணுவின் இரு படிகள் தம்முள் வேறுபட்டால்தான் பெண். நெருங்கிய உறவுக் கலப்பால் இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால் 32 இருந்தும் ஆணாகிறது. அத்தகைய புழுக்களை வேலைக்காரத் தேனீக்கள் தின்றுவிடுகின்றன. இந்தச் சங்கிலியும் டபுள்செக்ஸிலேயே முடிகிறது.

6. குரோமோசோம் கைமாறும் இடங்கள்

இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6 குரோமோசோம்கள், ஆணுக்கு 7. எக்ஸ் ஒரு சாதாரணக் குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டதே காரணம். ஆணில் ஒட்டாத இணையும் ஒய்யும் தனித்தனியே நிற்கின்றன. பிளாட்டிபஸ் ஆணுக்கு ஐந்து எக்ஸ், ஐந்து ஒய். எஸ்ஆர்ஒய் அதனிடம் இல்லை. அதன் எக்ஸ்களில் ஒன்றிலோ கோழி இசட்டின் டிஎம்ஆர்டி1 இருக்கிறது.

ஜப்பானின் அமாமி தீவில் வாழும் முள் எலி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒய்யையும் எஸ்ஆர்ஒய்யையும் முற்றிலும் இழந்துவிட்டது. இரு பாலுக்கும் ஒற்றை எக்ஸ்தான். ஆண்களில் சாக்ஸ்9 மரபணுவுக்கு அருகே ஒரு டிஎன்ஏ துண்டு இரட்டித்திருப்பதை 2022இல் கண்டனர். முதல் கட்டளை இடும் மரபணு மறைந்த பின்னும் சாக்ஸ்9 தன் வேலையைத் தொடர்கிறது. அதைத் தூண்டும் பொறுப்பு மட்டும் வேறொரு குரோமோசோமுக்குப் போய்விட்டது.

ஆஸ்திரேலியத் தாடி ஓணானில் இந்த மாற்றம் ஒரே தலைமுறையில் நடக்கிறது. அதுவும் இசட்-டபிள்யூ விலங்குதான். ஆனால் முட்டை ஏறத்தாழ 32 பாகை செல்சியஸுக்கு மேல் அடைகாக்கப்பட்டால், இரண்டு இசட் கொண்ட கருவும் பெண்ணாகலாம். அத்தகைய பெண்கள் காட்டிலேயே வாழ்வதை 2015இல் உறுதி செய்தனர். அவை சாதாரண ஆண்களோடு இணைந்து இட்ட முட்டைகளில் டபிள்யூ இல்லை. அந்தக் குஞ்சுகளின் பாலை முடிவு செய்வது வெப்பம் மட்டுமே.