குரலைக் காத்த கருவிகள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பேச்சையே தொழிலாகக் கொண்டோரின் குரலைக் காக்கும் முயற்சிக்கு, குரல்நாண்களைக் கண்ணால் கண்டதே அடிப்படையாயிற்று எனலாம். 1854ஆம் ஆண்டில் இசையாசிரியர் மானுவல் கார்சியா, பல் மருத்துவரின் சிறிய ஆடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்நாண்களின் அசைவைக் கண்டார். மறு ஆண்டில் அதனை இலண்டன் அரச கழகத்திற்கு அறிவித்தார். குரல்வளையை நோக்கி நோயறியும் வழி அதனால் திறந்தது.

ஆயினும், நோயைக் காண்பது வேறு. நோய்க்குக் காரணமான சுமையைக் குறைப்பது வேறு. 1915இல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் ஆகியோர் உருவாக்கிய ஒலிபெருக்கி இப்பின்னைய பணிக்கு உதவியது. 1919இல் சான் டியேகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் அதன் துணைகொண்டு ஏறத்தாழ 50,000 மக்களிடம் உரையாற்றினார்.

மேடையேறிய அக்கருவி வகுப்பறைகள் பலவற்றுள் இன்றும் நுழையவில்லை. நாள்தோறும் பல மணிநேரம் பேசும் ஆசிரியரின் குரற்கம்மலைத் தனிப்பட்ட உடற்குறையாகவன்றித் தொழிற்சுமையின் விளைவாகவே நாம் கருதுகிறோம். ஒலிபெருக்கி அவருக்கு ஆடம்பரமன்று. கரும்பலகையைப் போன்று கற்பித்தற்கு வேண்டிய கருவியேயாகும்.