ஸ்பாய்லர் இல்லாம ஒரு லேண்டிங்

கிளைடர்ல எஞ்சின் கிடையாது, தெரியும். இறங்கறப்ப உயரத்தைக் குறைக்க இறக்கை மேல தகடு மாதிரி எழும்புமே, அதான் ஸ்பாய்லர். அது மாட்டிக்கிட்டா? அப்பதான் ஸ்லிப். ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளி, ரட்டர் பெடலை எதிர்ப்பக்கம் மிதிக்கணும். விமானம் கோணலா, உடம்பைக் காத்துக்குக் காட்டிக்கிட்டு, வேகம் கூடாம மளமளன்னு இறங்கும். அமெரிக்காவுல கிளைடர் உரிமத் தேர்வுல இதையும் செய்யச் சொல்லிப் பார்ப்பாங்க.

இது ஸ்பாய்லரை விடப் பழைய வித்தை. 1920ல ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில போட்டி ஆரம்பிச்சப்ப இருந்த கிளைடர்கள் தானாவே சீக்கிரம் தரைக்கு வந்துடும். 1930கள்ல இறக்கைகள் நேர்த்தியாக ஆக ஆக, கீழ வரமாட்டேன்னு அடம் பிடிச்சது. அப்புறம்தான் ஸ்பாய்லருக்குத் தேவை வந்தது.

சரி, இதெல்லாம் பொழுதுபோக்குக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சீங்கன்னா, 1983 ஜூலை 23க்கு வாங்க.

ஏர் கனடாவின் போயிங் 767. மான்ட்ரியல்ல இருந்து ஒட்டாவா வழியா எட்மன்டன். எரிபொருள் மீட்டர் வேலை செய்யலை, அதனால கையால அளந்தாங்க. டாங்க்ல 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க சுமார் 0.8ஆல பெருக்கணும். பெருக்கினது 1.77ஆல! அது பவுண்டுக்கான எண். அந்தக் கம்பெனியில கிலோ கணக்குக்கு மாறின முதல் ரகம் இந்த 767தான். (யூனிட் எழுதாம வெறும் நம்பரை அனுப்பி நானும் ஒரு ராத்திரி முழுக்க பக் தேடியிருக்கேன். என் டேட்டாபேஸ் 41,000 அடியில பறக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

தேவையில பாதிகூட இல்லை. 41,000 அடியில முதல்ல ஒரு எஞ்சின் நின்னுச்சு, அப்புறம் இன்னொண்ணு. உள்ள 69 பேர். வினிபெக் எட்டாதுன்னு தெரிஞ்சதும் துணை விமானி மாரிஸ் குவின்டல், தான் முன்ன வேலை பார்த்த கிம்லி விமானப்படைத் தளத்தைச் சொன்னார். அந்த ரன்வே கார் பந்தயத் திடலா மாறிட்டது அவருக்குத் தெரியாது. அன்னிக்குப் பந்தய நாள் வேற, குடும்பம் குடும்பமா ஜனங்க!

கிட்ட வந்தப்ப உயரம் அதிகம். எஞ்சின் இல்லாததால ஃபிளாப்பும் இல்லை, ஸ்பாய்லரும் இல்லை. காத்துல சுத்துற ஒரு குட்டி டர்பைன் தர்ற சக்திதான், அதுவும் வேகம் குறையக் குறைய வத்திடும். திரும்பி ஒரு சுத்து சுத்த வழியே இல்லை. கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டுறவர். அவ்வளவு பெரிய 767ஐ அப்படியே ஸ்லிப்ல போட்டார். ஒரு பக்க ஜன்னல்ல வானம், இன்னொரு பக்கம் தரை. கடைசி நேரத்துல நேராக்கி இறக்கினார். முன் சக்கரம் லாக் ஆகாம மடங்கி, மூக்கு ரன்வேயில தேய்ஞ்சு, அந்த உராய்வுலயே நின்னுச்சு. பத்துப் பேருக்கு லேசான காயம், பெரும்பாலும் பின் கதவுச் சறுக்குல இறங்கறப்ப. கீழ இருந்த ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை.

விசாரணை, தண்டனைன்னு விமானிகளை முதல்ல பாடாப் படுத்தினாங்க, 1985ல திறமைக்காக சர்வதேச விருதும் கொடுத்தாங்க. எனக்கு இதுல அந்த விமானத்தைத்தான் ரொம்பப் பிடிக்கும். மூக்கைச் சரி பண்ணிக்கிட்டு 2008 வரைக்கும் சமத்தா வேலைக்குப் போயிட்டு இருந்தது :-)