ஸ்பீட் டெஸ்ட் சொல்லாத எண்

வீட்டில் நெட் ஸ்லோன்னு தோணினா, உடனே ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்க்கிறோம். முள் விறுவிறுன்னு ஏறி 95, 98ன்னு நிற்கும். இணைப்பு கொடுத்தவங்களுக்கு போன் பண்ணினா, "ஃபுல் ஸ்பீடு வருதே சார்"ம்பாங்க. ஆனா ஆன்லைன் வகுப்பில் டீச்சர் முகம் உறைஞ்சு நிற்குது. இரண்டுமே உண்மைதான். அது எப்படி என்று தேடிப் படித்தபோது நான் எடுத்த குறிப்புகள் இவை.

ஆரம்பத்தில் அளந்தது அகலத்தை அல்ல, நேரத்தை. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், வலையமைப்புக் கோளாறு ஒன்றைத் தேடுவதற்காக ஒரே இரவில் ஒரு சின்ன நிரலை எழுதினார். ஒரு பாக்கெட்டை அனுப்பு, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார். அவ்வளவுதான். நீர்மூழ்கிகளின் சோனார் ஒலியை நினைத்து அதற்கு 'பிங்' என்று பெயர் வைத்தார்.

மூன்று வருஷம் கழித்து, 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் ஒரு விபரீதம். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் வெறும் 400 கஜம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது! கம்பி அறுந்துபோகவில்லை. பதில் வராத கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி, நெரிசலை இன்னும் கூட்டின. வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் சொன்ன தீர்வு: மெதுவாக ஆரம்பி, படிப்படியாகக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் 'நெரிசல்' என்று புரிந்துகொண்டு உடனே குறை. இன்றும் இணையம் இந்த அடிப்படையில்தான் ஓடுது.

பிறகு இணையம் வீட்டுக்கு வந்தது, பேச்சு முழுக்க அகலத்துக்குப் போனது. இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் 2004இல் 256 கேபிபிஎஸ். 2013இல் அது 512 ஆனது, 2023இல் 2 எம்பிபிஎஸ். 2006இல் வந்த ஸ்பீட்டெஸ்ட் தளத்திலும் எல்லாரும் பார்ப்பது அந்தப் பெரிய எண்ணைத்தான். பக்கத்தில் பிங் சின்னதாக இருக்கும். யாரும் கண்டுக்கிறதில்லை.

2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது பிங் ஒரு நொடிக்கும் மேல் போவதைக் கவனித்தார். நினைவகச் சில்லு மலிவானதால், மோடத்திலும் ரவுட்டரிலும் அளவுக்கு மீறி இடம் வைத்துவிட்டார்கள். கீழே விழவேண்டிய பாக்கெட், விழாமல் வரிசையில் நிற்குது. ஜேக்கப்சன் முறைக்கு வேண்டிய 'குறை' என்ற எச்சரிக்கை தாமதமாகத்தான் போய்ச் சேருது. இதற்கு 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார் கெட்டிஸ். பொங்கல் லீவு முடிஞ்சு சென்னை திரும்பும்போது பரனூர் டோல்கேட்டில் நிற்கிற கதைதான். ரோடு அகலம் குறையல, வரிசை நீண்டுபோச்சு. 2012இல் கேத்லீன் நிக்கல்சும் அதே ஜேக்கப்சனும் சேர்ந்து, வரிசையை நீளவிடாத 'கோடெல்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே வீட்டில் நான் சோதிப்பது இப்படி. லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, யாரும் நெட் பயன்படுத்தாதபோது பிங் பார்ப்பேன். அப்புறம் ஒரு பெரிய வீடியோவை அப்லோடு போட்டுவிட்டு, அது ஓடும்போதே மறுபடி பிங். 20 மில்லிசெகண்டு 30 ஆனால் கவலையில்லை. 400, 500ன்னு போனா, கோளாறு வரிசையில். அதற்கு 300 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டுவதைவிட, வரிசையை நிர்வகிக்கும் வசதியுள்ள ரவுட்டரைத் தேடுவது புத்திசாலித்தனம்.

அடுத்த தடவை போன் பண்ணும்போது இந்த இரண்டு பிங் எண்களையும் சேர்த்துச் சொல்லுங்க. "ஃபுல் ஸ்பீடு வருதே சார்" என்பது அதற்குப் பதில் ஆகாது.