குருதியா, தெருவா?

திருடனைப் பிடித்துத் தண்டிப்பது எளிது. அவன் ஏன் திருடனானான் என்று அறிவதே அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் சிலர் அதற்கு உடலிலே விடை தேடினர். குற்றவாளிகள் பலர் பிறவியிலேயே அத்தகையோர் என்றும், மண்டையோட்டிலும் முகத்திலும் அதன் அடையாளங்கள் தெரியும் என்றும் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876-இல் எழுதத் தொடங்கினார். இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயரோ 1871-இலேயே குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றி, சில சமூகங்களை முழுமையாகவே குற்றக் கூட்டங்களாக அறிவிக்க வழி செய்தனர். தொட்டிற் குழந்தையும் அப்பழியைச் சுமந்தது.

இந்த எண்ணத்தை ஆட்டங்காணச் செய்த நகரங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் சிகாகோ. 1899-இல் சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் கண்ட நகரம் அது. அம்மன்றத்தின் பதிவேடுகளைக் கிளிஃபோர்டு ஷா, ஹென்றி மெக்கே ஆகிய இருவரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். குற்றஞ் செய்த சிறுவர்களின் வீடுகளை நகரப் படத்தில் புள்ளிகளாகக் குறித்தனர். நகர நடுவை அடுத்து, ஆலைகளும் பாழடைந்த குடியிருப்புகளும் நெருங்கிய பகுதிகளிலே புள்ளிகள் செறிந்தன. புறநகர் நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தன.

1942-இல் வெளிவந்த அவர்தம் நூல் மற்றோர் உண்மையையும் உரைத்தது. அப்பகுதிகளில் முதலில் செருமானியரும் ஐரிஷ்காரரும் வாழ்ந்தனர். அவர்கள் வசதி பெற்று வெளியேறியபின் இத்தாலியரும் போலந்துக்காரரும் குடியேறினர். குடிகள் மாறினர், குற்ற விகிதம் பெரிதும் மாறவில்லை. வெளியேறியோரின் பிள்ளைகளிடமோ குற்றம் குறைந்தது. அவ்வாறாயின் குற்றம் குருதியில் இல்லை; தெருவிலன்றோ இருக்கிறது!

தெரு எவ்வாறு குற்றத்தைக் கற்பிக்கிறது? 1955-இல் ஆல்பர்ட் கோகன் விடை கூறினார். நடுத்தரக் குடும்பத்தின் அளவுகோலால் பள்ளிக்கூடம் ஏழைச் சிறுவனை அளக்கிறது, அவன் தோற்கிறான். தன்னைப்போல் தோற்றவர்களுடன் கூடி அந்த அளவுகோலையே தலைகீழாக்குகிறான். பள்ளி இகழ்வதெல்லாம் அங்கே பெருமையாகிறது. திருடிய பொருளை அவன் வீசி எறிவதும் அதனாலேதான். அவன் தேடியது பொருளன்று, மதிப்பு. இதுவே 'உட்பண்பாடு' எனப்பட்டது. 1960-இல் கிளோவர்டும் ஓலினும், நேர்வழியின் கதவு அடைபட்டதே இதற்கு மூலம் என்றனர். அவர்தம் கருத்தையொட்டி 1962-இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், இளைஞர்க்குத் தொழிற்பயிற்சியும் வேலையும் அளிக்கும் பெருந்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

ஆயினும் இவ்விளக்கத்திலும் ஓர் இடர் உண்டு. வால்டர் மில்லர் 1958-இல் ஏழையர் பண்பாடே குற்றத்திற்கு இடந்தருகிறது என்று எழுதினார். குருதியின்மீது இருந்த பழி இப்போது குடிசையின்மீது விழுந்தது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே சைக்சும் மாட்சாவும் வேறொன்றைக் காட்டியிருந்தனர்: குற்றஞ் செய்த சிறுவனும் அறத்தை மறுப்பதில்லை, "யாருக்கும் நட்டமில்லையே", "தண்டிக்கிறவர் மட்டும் யோக்கியரா" என்று சாக்குத்தான் தேடுகிறான். சாக்குத் தேடுபவன் நெஞ்சில் நாணம் இன்னும் சாகவில்லை என்பதே பொருள்.

மாளிகைகளிலும் உட்பண்பாடு உண்டு. எட்வின் சதர்லாண்டு 1949-இல், 70 பெரு நிறுவனங்களுக்கு எதிராக 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருந்தமையை எடுத்துக் காட்டினார். அங்கும் முறைகேட்டை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். ஆனால் அவர்களைக் குற்றப் பரம்பரை என்று எவரும் அழைக்கவில்லை.

ஒரு பிள்ளை தவறினால் அவன் குலத்தைக் கேட்பதை விடுத்து, அவனுக்கு எந்தக் கதவு அடைக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். அந்தக் கதவைத் திறக்கும் கடமை நம்முடையது.