ஜிம்மி பொமேரியன் இல்லையாம்!

போன வாரம் அம்மா போன்ல, "எய்யா, வீடு வெறிச்சுன்னு கெடக்கு. நம்ம ஜிம்மி மாதிரி ஒரு பொமேரியன் குட்டி பாரேன்"ன்னு சொன்னாங்க. தென்காசியில அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். சரின்னு நானும் ஆணி பிடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல தேட ஆரம்பிச்சேன். அப்பதான் தெரிஞ்சது, எங்க வீட்டுல ஒன்பது வருஷம் வளர்ந்த ஜிம்மி பொமரேனியனே இல்லை!

வெள்ளையா, புசுபுசுன்னு, கூர் மூக்கோட, தெருவுல யார் போனாலும் கத்துற நாய் எல்லாமே நமக்கு பொமேரியன்தான். ஆனா அதுல பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். இன்னைக்கு அமெரிக்க கென்னல் கிளப் கணக்குல பொமரேனியன்னா ஒன்றரையில இருந்து மூணு கிலோ சொச்சம்தான். நம்ம ஸ்பிட்ஸ்ல சின்ன வகையே அஞ்சு முதல் ஏழு கிலோ வரும்.

அப்போ ஜிம்மி டூப்ளிகேட்டா? மனசு கேட்காம கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்துல, இன்றைய போலந்து - ஜெர்மனி எல்லையில இருக்குற பகுதி. பனிப் பிரதேசத்து ஸ்பிட்ஸ் நாய்கள்தான் இதுங்களோட மூதாதைகள். 18-ஆம் நூற்றாண்டுல ஜெர்மனியில இருந்து மருமகளாப் போன ராணி சார்லட்தான் இங்கிலாந்து அரண்மனைக்கு இந்த நாயைக் கொண்டு வந்தவர். 1777 வாக்கில் கெய்ன்ஸ்பரோ வரைஞ்ச ஓவியத்துல இருக்குற பொமரேனியனைப் பாருங்க, மடியில வைக்க முடியாத சைஸ்! அதைச் சின்னதாக்கின ஃபேஷனுக்குக் காரணம் சார்லட்டோட பேத்தி விக்டோரியா. 1888-ல இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் போனப்ப மார்கோன்னு ஒரு குட்டி நாயை வாங்கிட்டு வந்தார். ராணி வச்சிருந்தா ஊரே வச்சுக்கும் இல்லையா? 1901-ல அவர் சாகுறப்ப கட்டில்ல பக்கத்துல இருந்ததும் டூரிங்கிற பொமரேனியன்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த மார்கோவோட எடை 12 பவுண்டு. அதாவது அஞ்சரை கிலோ கிட்ட. எங்க ஜிம்மி சைஸ்! அதுக்கப்புறம் மேல்நாட்டுக்காரங்க அதை இன்னும் இன்னும் குறுக்கிட்டே போனாங்க. எடையை மட்டும் வச்சுப் பார்த்தா, விக்டோரியா கொஞ்சின நாய்க்கு இன்றைய 'ஒரிஜினலை' விட நம்ம 'டூப்ளிகேட்'தான் கிட்ட.

குற்றாலத்துல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க 1800 வாக்கில் வாசனைத் தோட்டம் போட்டு கிராம்பு நட்டாங்க. அது இன்னைக்கு நம்ம பயிர். இந்த நாயும் அப்படித்தான், வெள்ளைக்காரன் காலத்துல வந்த ஸ்பிட்ஸோட சந்ததி இங்கேயே பெருகி நம்ம வெயிலுக்குப் பழகிடுச்சு. 80கள், 90கள்ல வெளிநாட்டு நாயை இறக்குமதி பண்றது லேசில்லை. அதனால நடுத்தர வர்க்க வீடுகள்ல ஸ்பிட்ஸ் ராஜ்ஜியம்தான். 1994-ல வந்த 'ஹம் ஆப்கே ஹை கோன்' படத்து டஃபி கூட இதே ஜாதிதான். (இங்க இருந்து 60 கிலோமீட்டர்ல ராஜபாளையம் இருந்தும் வீட்டுக்குள்ள பொமேரியனை வச்சுக்கிட்டோம். 2005-ல தபால் தலையில வந்த ராஜபாளையம் நாய்க்கு இது தெரிஞ்சா கடிச்சே வச்சிடும் :-))

ஜிம்மி வந்தது 2003-ல. அதே வருஷம்தான் ஹட்ச் விளம்பரத்துல அந்தப் பக் நாய் வந்தது. அப்புறம் எல்லாருக்கும் பக் வேணும். மூஞ்சி தட்டையா இருக்குறதால மூச்சுக்கே திணறுற நாய் அது. நம்ம ஊர் சித்திரை வெயில்ல அதைப் பார்த்தாலே பாவமா இருக்கும்.

ஆனா நாங்க மட்டும் ஒழுங்கா? ஒரு கோடையில யாரோ சொன்னாங்கன்னு ஜிம்மிக்கு மொட்டை அடிச்சு விட்டோம், குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு. அவனுக்கு ரெண்டு அடுக்கு முடி. உள்முடி பஞ்சு மாதிரி, மேல்முடி கம்பி மாதிரி. மேல்முடிதான் வெயில் தோல்ல நேரா படாம காக்குறது. அதை வழிச்செடுத்தா தோல் வெந்து போகும். முடி திரும்ப வந்தது, திட்டுத் திட்டா. அவன் வெட்கப்பட்டு கட்டிலுக்கடியிலேயே கிடந்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. வாரத்துக்கு ரெண்டு மூணு தரம் சீப்பு போட்டிருந்தா போதும்.

அதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை சாரல். ஜூன்ல குற்றால சீசன் தொடங்கினா தென்காசியே நசநசன்னு இருக்கும். மேல்முடி காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்முடி ஈரமாவே இருக்கும். அப்படியே விட்டா புண்ணாகும். துண்டால துவட்டி, ஃபேனுக்கடியில உட்கார வச்சு, முடியைப் பிரிச்சுத் தொட்டுப் பாருங்க.

அம்மாவுக்கு இதெல்லாம் சொன்னேன். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசி ஒன்றரை மாசத்துல ஆரம்பிக்கணும், மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, திராட்சையும் சாக்லேட்டும் கண்ணுலயே காட்டக் கூடாது, கழுத்துப் பட்டைக்குப் பதிலா மார்புல மாட்டுற பெல்ட். 'டீகப் பாம்'னு ஆன்லைன்ல காட்டுற குட்டி வேண்டாம், தாய் நாயை நேர்ல பார்த்துட்டு ஸ்பிட்ஸே எடுப்போம்னும் சொன்னேன்.

எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "என்ன பேரோ இருக்கட்டும்யா. நான் ஜிம்மின்னுதான் கூப்பிடுவேன்"ன்னு போனை வச்சுட்டாங்க.